நான்காம் பாத்தியின் சாட்சிகள்

மற்ற வயல்களில் செடி செத்தால் மனிதர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். தோப்ரிலாவின் வயலில் செடி சாகாவிட்டால்தான் கவலை.

ஆகஸ்ட் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தன்யூப் ஆற்றை ஒட்டிய பாச்கா சமவெளியில் இலை அசையவில்லை. ஆய்வு நிலையத்துக்குப் பின்னால் இருந்த நான்கு நோய்ப் பாத்திகளில் முதல் மூன்றும் பழுப்பேறிக் கிடந்தன. தண்டுக் கருகல் வந்த சோயா, இலையை உதிர்க்காது. நின்ற நிலையிலேயே காய்ந்து, இலைகளைக் கையில் பிடித்தபடி சாகும். காய் பால்பிடிக்கும் நேரம் பார்த்து வரும். ஜூலையில் பச்சைக் கடலாக இருந்த வயல் ஆகஸ்டில் வைக்கோலாகிவிடும். அந்த நோயை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, செடி செடியாகக் குத்தி ஏற்றி, எது சாகிறது எது பிழைக்கிறது என்று குறித்து வைப்பதுதான் பதினெட்டு வருடமாகத் தோப்ரிலாவின் வேலை.

வயல் மேற்பார்வையாளர் ராதிவோய் டிராக்டரை வரப்போரம் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"மூணு பாத்தியும் பூண்டோட போச்சு. திருப்தியா?"

"திருப்திதான்."

"எங்க வீட்டுல கேக்குறா, அந்தப் பொம்பள மாசாமாசம் சம்பளம் வாங்கிட்டு நோயவா வளக்குறான்னு."

"உங்க வீட்டுத் தக்காளிக்கு வேணும்னா சொல்லுங்க. கொஞ்சம் கொடுத்தனுப்புறேன்."

"ஐயோ, வேணாம் தாயி. அவளே போதும் அதுக்கு." சிரித்துக்கொண்டே அவர் நான்காம் பாத்தியைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல வேறொன்றாக மாறியது. தொப்பியைக் கழற்றினார். "இதப் பாரேன். ஒரு இலை மஞ்சளாகல."

ரக எண் நானூற்றுப் பதினேழு. அறுபது செடிகள், இடுப்பளவு உயரம், கணுவுக்குக் கணு காய். பக்கத்தில் மூன்று பாத்தி பிணங்களுக்கு நடுவில் அவை நின்ற விதத்தைப் பார்த்தால் யாருக்கும் தொப்பியைக் கழற்றத்தான் தோன்றும்.

"டாக்டரம்மா விருந்து வைக்கணும்," என்றார் ராதிவோய். "இதுக்கு மேல தப்பிக்க முடியாது. தன்யூப் ஆத்துக் கெண்டை, பெரிய கொப்பரை, காரமா மீன்குழம்பு. நான் விறகுகூட வெட்டி வச்சாச்சு."

நல்லது நடந்தவர்தான் மற்றவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம் போல. புது சைக்கிள் வாங்கினாலும் விடமாட்டார்கள். டாக்டரம்மா பிரோஷ்கா இந்த விருந்தைப் பதினோரு வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தார்.

பிரோஷ்கா அந்த நிலையத்தில் சோயா ரகங்களை உருவாக்குபவர். ஐம்பத்து மூன்று வயது. மெலிந்த உடம்பு; கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடப்பார். ஆயிரம் செடிக்கு நடுவில் வேற்றுச் செடி ஒன்று நின்றால் நடையை நிறுத்தாமலே அதைப் பிடுங்கிவிட்டுப் போவார். தோப்ரிலா வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் அவர் செடிகளை மணம் முடிக்கும் காட்சியைப் பார்த்தாள். விடியற்காலை, பனி காயும் முன்பே, மண்ணில் ஒரு சிறு முக்காலி. இன்னும் விரியாத மொட்டு, அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரியது. இடுக்கி முனையால் இதழ்களை நீக்கி, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளைச் சூல்முடிக்கு வலிக்காமல் எடுத்து, வேறொரு பூவின் தூளைத் தொட்டு வைத்து, ஒரு நூலைக் கட்டுவார். பத்து மொட்டில் மூன்று பிடித்தால் நல்ல நாள். பிரோஷ்கா ஒன்பது மணிவரை மூச்சுக்கூடப் பார்த்துத்தான் விடுவார் என்று தோப்ரிலாவுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அந்த எண்ணம் மாறவில்லை.

நானூற்றுப் பதினேழின் தாய், உள்ளூரில் நன்றாகக் காய்க்கும் ரகம். தகப்பன், கிழக்கே எங்கிருந்தோ வந்த கொடி மாதிரியான செடி. கறுத்த சின்ன விதை, தரையில் புரளும் தண்டு, பார்க்கச் சகிக்காது. ஆனால் தண்டுக் கருகல் அதை ஒன்றும் செய்யாது. அந்த ஒரு குணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் வருடா வருடம் கழித்துக் கட்டியதுதான் பிரோஷ்காவின் பதினோரு வருடம். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஆயிரம் வரிசையில் நாற்பதை வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கி எறிவார். எறியும்போது வாய்க்குள் ஏதோ ஹங்கேரியப் பாட்டை முனகுவார். தோப்ரிலாவால் பழைய கோட்டைக்கூட எறிய முடியாது. ஒருவரால் இப்படி மனசு உறுத்தாமல் எறிய முடிவது எப்படி என்று அவள் பலமுறை யோசித்திருக்கிறாள்.

சென்ற வருடம் நானூற்றுப் பதினேழில் பத்துச் செடிக்கு மட்டும் நோய் ஏற்றினார்கள். பத்தும் பிழைத்தன. இந்த வருடம் அறுபது. இந்த முடிவோடு வெள்ளிக்கிழமைக்குள் அரசு ரகப் பதிவுக் குழுவுக்கு விண்ணப்பம் போக வேண்டும். தப்பினால் ஒரு வருடம் போச்சு. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால், மூன்றாவது வருடம் விதை விவசாயிகள் கையில்.

அன்று புதன்கிழமை. ராதிவோய் டிராக்டரில் ஏறிப் போன பிறகு தோப்ரிலா நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு மதிப்பெண் போட உட்கார்ந்தாள். முதல் பாத்தி, இரண்டாம் பாத்தி, மூன்றாம் பாத்தி. ஒவ்வொரு பாத்தியின் ஓரத்திலும் ஒரு சாட்சி வரிசை உண்டு. நோய் வந்தால் கட்டாயம் விழும் என்று எல்லோருக்கும் தெரிந்த பழைய ரகத்தில் இருபது செடி. அதே நாளில், நோய்ப் பூசணம் ஏற்றிய அதே குச்சிகளால் அவற்றையும் குத்துவார்கள். சாட்சி செத்தால்தான் மற்றது பிழைத்ததற்கு மதிப்பு. மூன்று பாத்தியிலும் சாட்சிகள் செத்திருந்தன.

நான்காம் பாத்தியின் சாட்சி வரிசை வேலமரங்களை ஒட்டி இருந்தது. ஜூலையில் முயல்கள் வந்து அதை மேய்ந்துவிட்டன. 'முயல் தின்றது' என்று ராதிவோய் கொட்டை எழுத்தில் நோட்டில் எழுதி வைத்திருந்தார். தோப்ரிலாவும் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று பிற்பாடு அவளாலேயே சொல்ல முடியவில்லை. மண்டியிட்டுக் களைகளை விலக்கினாள். களைக்குள் மூன்று செடி இருந்தன. முயல் நுனியைக் கடித்துவிட்டதால் பக்கக் கிளை விட்டுக் குட்டையாகப் படர்ந்திருந்தன. மூன்றின் தண்டிலும் பல்குத்தும் குச்சியின் முனை துருத்திக்கொண்டிருந்தது.

மூன்றும் பச்சையாக இருந்தன.

அவள் இன்னும் குனிந்து மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பைக்குள் கைவிட்டுச் சிறு கத்தியை எடுத்து ஒரு தண்டை நெடுக்காகப் பிளந்தாள். உள்ளே வெள்ளையாக இருந்தது. குச்சியைச் சுற்றி ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை.

குச்சிகளைத் தயார் செய்வது அவள் வேலை. கடையில் வாங்கும் பல்குத்தும் குச்சிகளைத் தண்ணீர் மாற்றி மாற்றி மூன்று முறை வேகவைத்து மரத்தின் சாறை இறக்க வேண்டும். பிறகு சோதனைக் குழாயில் ஊட்டச்சத்தோடு அடைத்து, பூசணத்தை விதைத்து, மூன்று வாரம் விட வேண்டும். குச்சிகள் பஞ்சு போர்த்தினாற்போல் வெளுத்துவிடும். வயலில் பயன்படுத்தி மிஞ்சியவை உயிரோடு வெளியே போகக் கூடாது என்பதால், அவற்றை ஆட்டோகிளேவில், அந்தப் பெரிய குக்கரில், ஆவியில் கொன்ற பிறகுதான் குப்பைக்கு அனுப்புவார்கள். ஜூன் கடைசியில் மூன்று பாத்திகளை முடித்த மாலை, மிஞ்சிய குழாய்களை அவள்தான் உள்ளே வைத்தாள். மறுநாள் காலை அவள்தான் வெளியே எடுத்தாள். எடுத்து, ஜன்னலோர மேசையில், நான்காம் பாத்திக்கென்று இருந்த புதிய குழாய்களுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். லேபிள் எழுதவில்லை. வெளியே ராதிவோய் ஹாரன் அடித்தார், வெயில் ஏறுகிறது என்று. ஒரு குழாய் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அது வெதுவெதுப்பாக இருந்தது.

இப்போது, ஆறு வாரம் கழித்து, வேலமர நிழலில் மண்டியிட்டிருக்கும்போது அந்த வெதுவெதுப்பு உள்ளங்கையில் திரும்பி வந்தது. ஜன்னல் வெயில் பட்டிருக்கும் என்று அன்று நினைத்தாள். உண்மையில் நினைத்தாளா? அந்த ஜன்னல் வடக்குப் பார்த்தது. பதினெட்டு வருடமாக அந்த மேசையில் வெயில் விழுந்ததே இல்லை. கைக்குத் தெரிந்துவிட்டது. கை சொன்னதை அவள் கேட்கவில்லை. அவசரத்தில் இருந்ததால் கேட்கவில்லையா, கேட்டால் நின்று பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் கேட்கவில்லையா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த இடம் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

எழுந்து போய் நானூற்றுப் பதினேழில் ஒரு செடியைப் பிளந்தாள். உண்மையாகவே நோயை எதிர்த்த செடியில் ஒரு தழும்பு இருக்கும். குச்சியைச் சுற்றி நகக்கண் அகலத்துக்குப் பழுப்பு வளையம். வந்த நோயை அங்கேயே வளைத்துக் கட்டிப் போட்ட அடையாளம். இதில் தழும்பு இல்லை. இந்தச் செடியை யாரும் தாக்கவே இல்லை.

நோட்டை மறுபடி எடுத்தாள். 'சாட்சி: முயல் தின்றது. மதிப்பிட இயலவில்லை.' பென்சிலால் எழுதினாள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இருபதில் பதினேழை முயல் தின்றதுதான். மீதி மூன்றைப் பிடுங்கி வேலமரத்துக்குப் பின்னால் எறிந்தால் முடிந்தது. நானூற்றுப் பதினேழு நிஜமாகவே தாங்கக்கூடிய ரகமாகத்தான் இருக்கும். சென்ற வருடம் பத்தும் பிழைத்தனவே. பிரோஷ்காவின் பதினோரு வருடத்தை ஒரு ஸ்டாண்டு குழாயின் சூட்டுக்காகத் தடுப்பதா? இப்படி ஒவ்வொன்றாக அவள் மனம் எடுத்து நீட்டியது. நீட்டப்பட்ட எதுவும் அசிங்கமாக இல்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. எல்லாமே பிரோஷ்காவின் மேல் உள்ள பிரியமாகவே தோற்றமளித்தது.

ஆனால் பிரோஷ்காவாக இருந்தால் இந்த மூன்று செடியை என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். அதில் சந்தேகமே வரவில்லை. பதினெட்டு வருடம் ஒருவரைப் பார்த்துப் பிரமித்ததில் மிஞ்சியது இவ்வளவுதான் போலும்: தப்பிக்கும் வழிகளில் ஒன்று அடைபட்டுப் போகிறது.

மூன்று செடிகளையும் வேரோடு பிடுங்கி, பிளந்த நானூற்றுப் பதினேழையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தாள்.

பிரோஷ்கா விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆறிப்போன காபி, கடித்து வைத்த புரெக் அப்பம். தோப்ரிலாவின் கையில் இருந்ததைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன இது, முயல் மிச்சம் வச்சதா?"

"நாலாம் பாத்தி சாட்சி. மூணு இருக்கு. களைக்குள்ள இருந்துச்சு."

"பச்சையா இருக்கே."

"ஆமா."

பிரோஷ்கா பேனாவை மூடி வைத்தார். மூடியைத் திருகி இறுக்கினார். "சொல்லு."

தோப்ரிலா சொன்னாள். மேசை, ஜன்னல், லேபிள் இல்லாத குழாய்கள், ஹாரன், வெதுவெதுப்பு. பிளந்த இரண்டு தண்டுகளையும் விண்ணப்பத் தாளின் மேலேயே வைத்தாள். வேறு இடம் இல்லை. தழும்பு இல்லாத இடத்தைப் பிரோஷ்கா கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"சூடா இருந்தது அன்னிக்கே தெரிஞ்சுதா உனக்கு?"

"கைக்குத் தெரிஞ்சது. நான் கண்டுக்கல."

"ம்." தண்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "குச்சி பாக்க எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் படிஞ்ச மாதிரி. நனைஞ்ச பஞ்சு மாதிரி. இப்பதான் ஞாபகம் வருது."

"செத்த பூசணம் அப்படித்தான் இருக்கும்." பிரோஷ்கா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அங்கிருந்து நான்காம் பாத்தி தெரியும். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த முதுகில் என்ன நடக்கிறது என்று தோப்ரிலா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை தோள்கள் ஏறி இறங்கின. அவ்வளவுதான்.

"திட்டிடுங்க," என்றாள் தோப்ரிலா.

"திட்டினா உனக்கு நல்லா இருக்கும். எனக்கு என்ன பிரயோஜனம்?"

"இந்த மூணும் என் கண்ணுல படாம போயிருந்தா..."

"பட்டுச்சே." பிரோஷ்கா திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன, குரல் மட்டும் எப்போதும் போல. "நான் நேத்து அந்த வரிசையில நாலு தடவ நடந்தேன் தெரியுமா? நாலு தடவ. எனக்கு ஒரு தண்டைப் பிளந்து பாக்கணும்னு தோணல. பச்சையப் பாத்ததும் புத்தி மேயப் போயிடுச்சு. முப்பது வருஷமா அடுத்தவங்களுக்குச் சொல்லிட்டிருக்கேன், பச்சைய நம்பாதே, தழும்பப் பாருன்னு."

தொலைபேசியை எடுத்துக் குழுவின் எண்ணைச் சுழற்றினார். தோப்ரிலா வெளியே போகத் திரும்பினாள். இரு என்று கையால் காட்டினார்.

"வணக்கம். சோயாவுல இருந்து பேசுறேன். இந்த வருஷம் எங்ககிட்ட இருந்து விண்ணப்பம் வராது... இல்ல, செடிக்கு ஒண்ணும் ஆகல. எங்க சோதனை தப்பு... ஆமா, எங்களோடது. அடுத்த வருஷம் பாக்கலாம்."

எங்களோடது. தோப்ரிலா அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ளத் தெரியாமல் நின்றாள். தன் பெயர் வந்திருந்தால் இவ்வளவு கனத்திருக்காது.

"ஆய்வுக்கூடத்துல பூசணம் உயிரோட இருக்கா?" என்றார் பிரோஷ்கா.

"இருக்கு. நாலு தட்டு."

"கண்ணாடிக் குடில்ல இன்னைக்கே அறுபது விதை போடு. பக்கத்துல இருபது சாட்சி. நீயே குத்து. எனக்கு லேபிளோட வேணும்." பிறகு சற்று நின்று, "பெரிய எழுத்துல," என்றார். அது கேலியா என்று தோப்ரிலாவுக்குத் தெரியவில்லை. கேலியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

மாலையில் ராதிவோய்க்கு விஷயம் எட்டியது. கோபமாகத் தேடி வந்தார்.

"ரெண்டு பேருக்கும் மண்டை குழம்பிடுச்சா? அவ்வளவு பெரிய பாத்தி பச்சையா நிக்குது, முயல் எச்சில் மூணு செடிய வச்சுக்கிட்டு வேணாம்ங்கிறீங்க?"

"அந்த மூணும் செத்திருக்கணும் ராதிவோய்."

"சாகாததுக்கு அழற ஊரு இது ஒண்ணுதான்யா." தொப்பியால் விசிறிக்கொண்டார். கொஞ்சம் கழித்துத் தணிந்த குரலில், "டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"விதை போடச் சொன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அந்தப் பொம்பளைக்கு நெஞ்சுல இதயத்துக்குப் பதிலா என்னத்த வச்சுப் படைச்சானோ," என்றார். அது வசை இல்லை. "சரி, கெண்டை இன்னொரு வருஷம் நீந்தட்டும்."

விதை முளைத்து, தண்டு குச்சியைத் தாங்கும் அளவு தடிக்க மூன்று வாரம் ஆனது; அதற்குள் புதுக் குச்சிகளிலும் பூசணம் ஏறியிருந்தது. தோப்ரிலா குச்சிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் குத்தினாள். ஒவ்வொரு ஸ்டாண்டையும் எடுப்பதற்கு முன் உள்ளங்கையை அதன் மேல் வைத்து ஒரு நிமிடம் நின்றாள். பார்ப்பவர்களுக்குப் பிரார்த்தனை போல இருந்திருக்கும். யாரும் கேட்கவில்லை; பிரோஷ்கா ஒரு தடவை பார்த்தார், கண்டும் காணாததுபோல் போய்விட்டார்.

பிறகு இன்னும் மூன்று வாரம். பிரோஷ்கா குடிலுக்கு வரவே இல்லை. வந்தால் பச்சையைப் பார்க்க நேரிடும், பார்த்தால் நம்பத் தோன்றும் என்பதால் வரவில்லை என்று தோப்ரிலா புரிந்துகொண்டாள். தன்மேலேயே இவ்வளவு சந்தேகம் வைத்திருப்பவரைத்தான் இத்தனை நாள் தன்னம்பிக்கைக்காரி என்று நினைத்திருந்தோமா என்று வியந்தாள். அவர் வருடா வருடம் வரிசைகளைத் தூக்கி எறிந்ததும் மனசு இல்லாததால் இல்லை. மனசு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்து வைத்திருந்ததால்.

செப்டம்பர் பாதியில் வயல்களில் அறுவடை இயந்திரங்களின் புழுதி எழுந்துகொண்டிருந்த ஒரு காலை, இருவரும் குடிலுக்குள் போனார்கள். சாட்சிகள் இருபதும் செத்துக் கிடந்தன. நானூற்றுப் பதினேழை எண்ணினார்கள். பிரோஷ்கா ஒரு பக்கமிருந்து, தோப்ரிலா மறுபக்கமிருந்து. நடுவில் சந்தித்தபோது இரண்டு கணக்கும் ஒன்றாக இருந்தது.

ஐம்பத்தொன்று நின்றன. ஒன்பது செத்திருந்தன.

"கலப்பு," என்றார் பிரோஷ்கா. "சுத்தமாகல. சில செடி அம்மா பக்கமே போயிருக்கு. போன வருஷம் பத்துல ஒண்ணும் அப்படி மாட்டல, நம்ம நேரம்."

கிட்டத்தட்ட ஏழுக்கு ஒன்று. தோப்ரிலா அதைப் பேசாமல் மனதுக்குள் விரித்துப் பார்த்தாள். யாரோ ஒருவரின் வயல், ஆகஸ்ட் மாதம், ஏழு செடிக்கு ஒன்று இலையைப் பிடித்தபடி காய்ந்து நிற்கிறது. அந்த மனிதர் விதைப் பையின் மேல் உள்ள பெயரைப் படிக்கிறார்.

"வெள்ளிக்கிழமை அனுப்பியிருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

"அனுப்பலையே," என்றார் பிரோஷ்கா. உயிரோடு நின்ற ஒரு செடியைப் பிளந்தார். குச்சியைச் சுற்றிப் பழுப்பு வளையம், நகக்கண் அகலம். அதை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. "பாத்தியா இவளை. எப்படி வளைச்சுக் கட்டியிருக்கா."

மீதி ஐம்பது செடியையும் தனித்தனித் தொட்டிக்கு மாற்றி, தனித்தனியாக விதை எடுத்து, தனித்தனி வரிசையாக மறுபடி தொடங்க வேண்டும். இன்னும் மூன்று வருடம் என்றார். மூன்று வருடத்தைச் சொல்லும்போது அவர் குரலில் அலுப்பு இல்லை. மறுநாள் சந்தைக்குப் போக வேண்டும் என்பதுபோலச் சொன்னார். தோப்ரிலா தொட்டிகளில் எண் எழுதத் தொடங்கினாள்.

பிரோஷ்கா செத்த ஒன்பது செடிகளையும் மண்ணை உதறி எடுத்து, ஒரு காகிதப் பையில் போட்டு, மேலே தேதியைத் தானே எழுதி, தோப்ரிலாவிடம் நீட்டினார்.

"இந்தா. நிக்கிறது எனக்கு, விழுந்தது உனக்கு. இதுல இருந்து பூசணத்தப் பிரிச்சு வளத்து வை. அடுத்த வருஷம் இன்னும் பலமா குத்தணும் நீ."

தோப்ரிலா பையை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.